கிரனாடா தெருக்களில் கேட்கும் கிட்டார்: என்ன வாசிக்கிறார்கள், ஏன் மாலையில், யார் அனுமதி?

தென் ஸ்பெயினின் கிரனாடாவுக்குப் போய்வந்தவர்கள் பகிரும் காணொளிகளில் ஒரு காட்சி பெரும்பாலும் இருக்கும். எதிர்க்குன்றில் அல்ஹம்ப்ரா கோட்டை. இந்தப் பக்கம் கூழாங்கல் பாவிய தெருவோரம் உட்கார்ந்து ஒருவர் கிட்டார் வாசிக்கிறார். தலைப்பில் 'ஃபிளமெங்கோ' (அந்தப் பகுதியின் மரபிசை) என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பயணம் போகிறவர்களுக்கு அங்கே குழப்பம் தொடங்குகிறது. பிற்பகல் மூன்று மணிக்குப் போனால் தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. மாலையில் கேட்டது ஃபிளமெங்கோவே இல்லை என்று உள்ளூர்க்காரர்கள் சொல்கிறார்கள். நன்றாக வாசித்துக்கொண்டிருந்தவரைக் காவலர்கள் வந்து கிளப்பிவிடுகிறார்கள். போதாததற்கு, இந்த இசையே இந்தியாவிலிருந்து போனதுதான் என்ற பேச்சு வேறு.

இவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் பிடிபடாது. தெருவில் வாசிப்பது ஒரு தொழில். ஊரின் நேரம், தெருவின் அமைப்பு, நகராட்சி விதி, நடந்துபோகிறவரின் பொறுமை ஆகிய நான்கும் சேர்ந்துதான் அங்கே எந்த இசை, எப்போது, எவ்வளவு நேரம் ஒலிக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

ஊரும் வாத்தியமும்

கிரனாடா சுமார் 2.3 லட்சம் பேர் வாழும் நகரம். ஐபீரியத் தீபகற்பத்தின் கடைசி முஸ்லிம் அரசான நஸ்ரிகளின் தலைநகராக இருந்து, 1492 ஜனவரி 2 அன்று கத்தோலிக்க அரசர்கள் கைக்கு வந்தது. அல்ஹம்ப்ரா 1984-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. எதிர்க்குன்றில் இருக்கும் பழைய குடியிருப்பான அல்பைசின் 1994-இல் சேர்ந்தது. இரண்டு குன்றுக்கும் நடுவே தாரோ என்ற சிற்றாறு ஓடுகிறது. அல்பைசினை ஒட்டினாற்போல் இருப்பது சாக்ரோமோந்தே. மலைச்சரிவைக் குடைந்து கட்டிய குகை வீடுகளில், ஸ்பெயினின் ரோமா (ஜிப்ஸி) மக்களான ஹிதானோக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்த இடம் அது. அவர்களுடைய திருமணக் கொண்டாட்டங்களிலிருந்து வளர்ந்த 'சாம்ப்ரா' ஆட்டத்தை இன்று அதே குகைகளில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம்.

நகர மையமான பிளாசா நுயேவாவிலிருந்து அல்ஹம்ப்ராவுக்கு ஏறும் கோமெரஸ் சரிவில் நடந்தால் கிட்டார் செய்யும் பட்டறைகளைப் பார்க்கலாம். பலகையை வளைப்பது, விசிறி வடிவில் உள்சட்டம் ஒட்டுவது, மெருகேற்றுவது எல்லாம் கையால் நடக்கும். தெருவில் வாசிப்பவர் மடியில் இருக்கும் கிட்டார் சில நூறு அடி தள்ளிப் பிறந்ததாகவே இருக்கலாம்.

1922-இல் இங்கே நடந்த ஒரு நிகழ்ச்சியைத் தெரிந்துகொண்டால் இன்றைய விவாதமும் விளங்கும். இசையமைப்பாளர் மனுவேல் தெ ஃபாயா, அப்போது இளைஞராக இருந்த கவிஞர் ஃபெதெரிகோ கார்சியா லோர்கா உள்ளிட்டோர் சேர்ந்து, ஜூன் 13, 14 தேதிகளில் அல்ஹம்ப்ரா வளாகத்தில் 'காந்தே ஹோந்தோ' என்ற ஆழ்ந்த பழம்பாடல் வகைக்குப் போட்டி நடத்தினார்கள். மேடைக் கேளிக்கையாகி இந்தப் பாடல்முறை தேய்ந்துபோகிறது என்பது அவர்கள் கவலை. அதனால் 21 வயது கடந்த தொழில்முறைப் பாடகர்களைப் போட்டியில் சேர்க்கவில்லை. காசுக்காக வாசித்தால் இசை கெட்டுவிடுமா என்ற கேள்வி இந்த ஊருக்கு நூறு ஆண்டு பழையது. என் கருத்தில் அந்தக் கவலையில் உண்மை இருந்தது, தீர்வில் இல்லை. அபிச்சுவேலா குடும்பத்துக் கிட்டார் கலைஞர்களும், அல்பைசினில் பிறந்த பாடகர் என்ரிகே மொரெந்தேயும் இதைத் தொழிலாகக் கொண்டுதான் கிரனாடாவின் பெயரை உலகெங்கும் கொண்டுபோனார்கள்.

ஒரே வடிவம், இரண்டு குணம்

இன்று நாம் 'ஸ்பானிய கிட்டார்' என்று பார்க்கும் உருவத்தை நிலைப்படுத்தியவர் அல்மெரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892). பெரிய உடல், ஏறக்குறைய 65 செ.மீ. தந்தி நீளம், மேற்பலகையின் அடியில் விசிறிபோல் விரியும் சட்டங்கள் ஆகியவை அவர் வழி வந்தவை. தந்தி அப்போது விலங்குக் குடலால் ஆனது. நைலான் தந்தி 1940-களில்தான் வந்தது. செகோவியா என்ற கிட்டார் மேதை அதை ஏற்று வாசித்த பிறகு உலகமே மாறிக்கொண்டது.

இந்த உருவத்துக்குள் இரண்டு கிட்டார்கள் உண்டு. செவ்வியல் கிட்டாரின் பக்கமும் முதுகும் பெரும்பாலும் ஈட்டி (ரோஸ்வுட்) வகைக் கனத்த மரம். மீட்டிய ஸ்வரம் நீண்டு நிற்கும். ஃபிளமெங்கோ கிட்டாருக்குச் சைப்ரஸ். அது உள்ளூரில் மலிவாகக் கிடைத்த லேசான மரம். தந்திகள் பலகைக்கு நெருக்கமாகத் தாழ்ந்து ஓடும். ஸ்வரம் 'டக்' என்று கிளம்பிச் சட்டென்று அடங்கும். விரலால் பலகையைத் தட்டுவதும் வாசிப்பின் பகுதி என்பதால் மேலே ஒரு மெல்லிய காப்புத் தகடு ஒட்டியிருப்பார்கள். அந்தத் தகடு கண்ணில் பட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

தெருவில் இந்த வேறுபாடு பெரிய விளைவைத் தருகிறது. ஃபிளமெங்கோ கிட்டாரின் வறண்ட, கூர்மையான ஒலி பேச்சரவத்தைக் கிழித்துக்கொண்டு வரும். செவ்வியல் கிட்டாரின் மென்மை கூட்டத்தில் கரைந்துவிடும். ஆகவே செவ்வியல் வாசிப்பவருக்குக் கல்சுவர்கள் நெருங்கி நிற்கும் குறுகிய தெரு வேண்டும், இல்லாவிட்டால் மின்கலத்தில் ஓடும் சிறு ஒலிபெருக்கி வேண்டும். சட்டச் சிக்கல் அந்த ஒலிபெருக்கியிலிருந்துதான் வருகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

காதில் விழுவது மூன்று வகை

1. செவ்வியல் உருப்படிகள். கிரனாடாவில் அதிகம் கேட்பது பிரான்சிஸ்கோ தாரெகா (1852–1909) எழுதிய 'அல்ஹம்ப்ரா நினைவுகள்'. நோக்கியா கைபேசிகளில் ஒலித்துப் பழகிய அந்த மெட்டும் இதே தாரெகாவின் ஒரு வால்ட்ஸிலிருந்து எடுத்ததுதான். ஆகவே அவர் இசை நமக்குப் புதிதல்ல. 'அல்ஹம்ப்ரா நினைவுகள்' முழுக்க 'த்ரெமொலோ' என்ற உத்தியில் அமைந்தது. கட்டைவிரல் கீழ்த்தந்திகளில் நடக்கும்போது மோதிரவிரல், நடுவிரல், சுட்டுவிரல் மூன்றும் அடுத்தடுத்து ஒரே மேல்தந்தியைத் தொடும். தனித்தனிச் சொட்டுகள் ஒரே நீரோட்டமாகக் கேட்கும். பாதிவழியில் சோகமான மைனரிலிருந்து மேஜருக்கு மாறும் இடம் உண்டு. முப்பது நொடி நின்று படம் எடுத்துவிட்டுப் போகிறவர் அந்த மாற்றத்தைக் கேட்காமலே போய்விடுகிறார். அடுத்து அதிகம் கேட்பது ஸ்பானிய இசையமைப்பாளர் அல்பெனிஸின் 'அஸ்தூரியாஸ்'. கிட்டாருக்கென்றே பிறந்ததுபோல் தோன்றும் அது, உண்மையில் பியானோவுக்கு எழுதியது.

2. ஃபிளமெங்கோ. இது தனி உருப்படிகளின் தொகுப்பு அல்ல, 'பாலோ' எனப்படும் வகைகளின் மரபு. சொலெயா, புலெரியாஸ், தாங்கோஸ், ஃபந்தாங்கோ என்று ஒவ்வொரு பாலோவுக்கும் தாளமும் மனநிலையும் உண்டு. பாட்டு, ஆட்டம், கிட்டார் மூன்றும் சேர்ந்ததே மரபு. அதில் கிட்டார் நெடுங்காலம் பக்கவாத்தியமாகத்தான் இருந்தது. ரமோன் மொந்தோயா (1879–1949) போன்றவர்கள் அதைத் தனிக்கச்சேரி வாத்தியமாக உயர்த்தினார்கள். 2010-இல் யுனெஸ்கோ ஃபிளமெங்கோவை மனிதகுலத்தின் அருவ மரபாக அறிவித்தது.

3. ரும்பா. சூரியன் சாயும் நேரத்தில் காட்சிமேடைகளில் கூட்டமாக வாசித்துப் பாடுவது பெரும்பாலும் இதுதான். கியூபா போய்த் திரும்பிய தாளம், நான்கு எண்ணிக்கை, உடனே ஒட்டிக்கொள்ளும். ஃபிளமெங்கோ கிட்டார் கலைஞர் பாக்கோ தெ லூசியா (1947–2014) 1973-இல் வெளியிட்ட ஒரு ரும்பா அவரை ஸ்பெயின் முழுக்க அறியச் செய்தது. இன்று ரும்பாவோடு பிரியாமல் கேட்கும் கஹோன் என்ற மரப்பெட்டித் தாளவாத்தியமும், 1970-களின் பிற்பகுதியில் அவர் பெருவில் கண்டு ஃபிளமெங்கோவுக்குள் கொண்டுவந்ததுதான். தெருவில் சுற்றுலாப் பயணிகள் கேட்டு வாங்கும் ஜிப்ஸி கிங்ஸ் பாடல்களும் ரும்பாதான். அந்தக் குழு ஸ்பெயினைச் சேர்ந்ததல்ல. தென் பிரான்ஸில் குடியேறிய ஹிதானோ குடும்பங்களிலிருந்து வந்தவர்கள்.

முதல் வகையும் மூன்றாவதும் தெருவை நிறைக்க, இரண்டாவது அரிதாகக் கேட்பதற்குக் காரணம் எளிது. நடந்துபோகிறவர் நிற்பாரா போவாரா என்பது சில நொடிகளில் முடிவாகிவிடும். தெரிந்த மெட்டு நிறுத்தும், ரும்பா ஆட வைக்கும். மெதுவாகத் திறக்கும் ஒரு சொலெயாவுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. வாசிப்பவருக்குத் தெரியாததால் அல்ல, நிற்பவர் இல்லாததால்தான் அது தெருவில் ஒலிப்பதில்லை.

தோடிபோல் ஒலிப்பது ஏன்?

கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு ஃபிளமெங்கோவில் ஏதோ தெரிந்த வாசனை அடிக்கும். அதற்குத் தெளிவான காரணம் உண்டு. அதன் அடிப்படை ஸ்வர வரிசை ஐரோப்பியர் 'ஃபிரிஜியன்' என்பது. சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம் என்று நம் தோடியின் ஸ்வரஸ்தானங்கள்தாம் அவை. ஃபிளமெங்கோவின் முத்திரையான நான்கு கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக்கூட்டு) இறக்கத்தைக் கவனித்தால் அடிஸ்வரங்கள் ம, க, ரி, ஸ என்றே இறங்கும். ஆனால் கடைசியில் வந்து அமரும் கார்டு மேஜர், அதற்குள் அந்தர காந்தாரம் இருக்கிறது. ஆகவே மெட்டு தோடியில் நடந்து, ஓய்வு வகுளாபரணத்தில் கிடைக்கும். இரண்டு காந்தாரமும் இப்படி உரசிக்கொள்வதுதான் அந்த இசையின் தவிப்பு. கமகம் என்ற உயிர் வேறு என்பதால் தோடி ராகமே அங்கே ஒலிக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

இங்கிருந்துதான் 'இந்தியாவிலிருந்து போன இசை' என்ற பேச்சு கிளம்புகிறது. ரோமா மக்களின் முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை மொழியியலும் மரபணு ஆய்வும் உறுதிசெய்கின்றன. ஸ்பெயினில் அவர்களைப் பற்றிய பதிவு 1425-இல் தொடங்குகிறது. இதுவரை உண்மை. ஆனால் ஃபிரிஜியன் போன்ற வரிசைகள் அரபு, யூத, கிரேக்க, துருக்கிய இசைகளிலும் உண்டு. எட்டு நூற்றாண்டு முஸ்லிம் ஆட்சி நடந்த அந்தலூசியாவில் அவை ஒன்றோடொன்று கலந்தே கிடந்தன. ஃபிளமெங்கோ இன்றைய வடிவில் எழுந்தது 18, 19-ஆம் நூற்றாண்டுகளில், அந்தலூசிய ஏழை மக்களிடையே, ஹிதானோக்களின் பெரும்பங்கோடு. ஸ்வர ஒற்றுமையை மட்டும் வைத்து உரிமை கொண்டாடினால், அதை உருவாக்கியவர்களின் உழைப்பு மறைந்துபோகும்.

கை தட்டுவதற்கு முன்

ஃபிளமெங்கோவில் தாளச் சுழற்சிக்குக் 'கொம்பாஸ்' என்று பெயர். சொலெயாவில் அது 12 எண்ணிக்கை. அழுத்தம் விழும் இடங்கள்:

3, 6, 8, 10, 12

மூன்றாக இரண்டு, இரண்டாக மூன்று. நம் கச்சேரியில் கோர்வை எடுப்பிலோ சமத்திலோ போய்ச் சேரும் என்று காத்திருப்போம். சொலெயாவில் வாக்கியம் 10-இல் வந்து உட்காரும். 11, 12 மூச்சு விடும் இடம். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால், இழுபடுவதுபோல் தோன்றிய வாசிப்பு எங்கே போகிறது என்பது விளங்கிவிடும்.

இதனால்தான் தெருவில் ஃபிளமெங்கோ கேட்கும்போது நாமாகக் கைதட்டக் கூடாது. 'பால்மாஸ்' என்ற கைதட்டல் அங்கே பயிற்சி தேவைப்படும் ஒரு வாத்தியம். உள்ளங்கையைக் குழித்துத் தட்டும் மந்தமான ஒலி, விரல்களால் உள்ளங்கையில் அறையும் கூரிய ஒலி என்று இருவகை உண்டு. பன்னிரண்டுக்கு நாலாகத் தட்டும் கூட்டம் வாசிப்பவரைத் தாளத்திலிருந்து தள்ளிவிடும். ரும்பாவுக்குத் தாராளமாகத் தட்டலாம்.

மாலை மட்டும் ஏன்?

பிற்பகல் தெரு வெறிச்சோடுவதற்கு வெயில் ஒரு காரணம். ஜூலையில் 35 டிகிரியைத் தொடுவது அங்கே சாதாரணம். இரண்டு மணி முதல் ஐந்து வரை சிறுகடைகள் பல மூடியிருக்கும். சாப்பாடும், சாப்பிட்ட பின் மேசையிலேயே நீளும் பேச்சும், ஓய்வும் அந்த நேரத்துக்கு உரியவை.

கடிகாரம் இன்னொரு காரணம். கிரீன்விச் தீர்க்கரேகை கிழக்கு ஸ்பெயின் வழியாகப் போகிறது. கிரனாடா அதற்கும் மேற்கே. சூரியனைப் பார்த்தால் லண்டன் நேரம்தான் பொருந்தும். 1940 மார்ச்சில் ஃபிராங்கோ அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி, பெர்லினோடு சேர்த்தது. பிறகு திருப்பவே இல்லை. கோடையில் இன்னும் ஒரு மணி நேரம் கூடுவதால் ஜூன் இறுதியில் கிரனாடாவில் சூரியன் மறைவது இரவு 9.40 அளவில். சாப்பாடு ஒன்பதரை, பத்துக்கு. வேலை முடிந்ததற்கும் சாப்பாட்டுக்கும் நடுவே வெளிச்சமும் குளிர்ச்சியும் உள்ள மூன்று, நான்கு மணி நேரம் கிடைக்கிறது. ஊரே காலாற நடக்கும். பானம் வாங்கினால் தாப்பா எனும் சிறுதீனி இலவசமாக வரும் வழக்கமும் கிரனாடாவில் இருப்பதால் கடைவாசல்களில் ஆட்கள் நிறைந்திருப்பார்கள். வாசிப்பவர் அந்த இடைவேளையை நம்பித்தான் வருகிறார். குளிர்காலத்தில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். அப்போது நண்பகல் வெயிலில்தான் தேட வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை: ஆற்றோரமாகப் போகும் தாரோ சாலை குறுகலானது, கல்சுவர் ஒலியைத் திருப்பித் தரும், செவ்வியல் கிட்டாருக்கு ஏற்றது. அது விரியும் பசேயோ தெ லோஸ் திரிஸ்தெஸ் திடலில் உட்கார்ந்து கேட்க இடம் உண்டு. அல்பைசினின் சான் நிக்கோலாஸ் காட்சிமேடையில் ரும்பாவும் கூட்டமும். அமைதியாகக் கேட்க விரும்புகிறவர் அங்கே சூரியன் மறையும் நேரத்தைத் தவிர்ப்பது நல்லது.

அனுமதி உண்டா?

ஸ்பெயின் முழுமைக்கும் ஒரே தெரு இசைச் சட்டம் கிடையாது. தெருவும் சதுக்கமும் நகராட்சியின் பொறுப்பு. ஆகவே ஊருக்கு ஊர் விதி மாறும். தர்க்கம் இப்படிப் போகிறது:

1. 2003-இன் தேசிய இரைச்சல் சட்டமும், அதன்கீழ் 2007-இல் வந்த ஆணையும் நாளை மூன்றாகப் பிரிக்கின்றன: பகல் 7 முதல் 19 மணி, மாலை 19 முதல் 23, இரவு 23 முதல் 7.
2. குடியிருப்புப் பகுதிக்கான சராசரி ஒலி இலக்கு பகலிலும் மாலையிலும் 65 டெசிபல், இரவில் 55. பத்து டெசிபல் குறைவு என்றால் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காக வேண்டும். இரவு பதினொன்றுக்குப் பிறகு கண்டிப்பு கூடுவதன் அடிப்படை இது.
3. இதன்மேல் ஒவ்வொரு நகராட்சியும் இடம், நேரம், ஒலிபெருக்கி, அனுமதிச்சீட்டு பற்றித் தன் விதிகளைப் போடுகிறது. மத்ரித் 2013-இல் நகர மையத்தில் வாசிக்க விரும்பியவர்களுக்குக் குரல்தேர்வுபோல் ஒரு தேர்வே நடத்தியது. பார்சிலோனா மெட்ரோவில் குறிப்பிட்ட இடங்கள் உண்டு, இசைக்கலைஞர் சங்கம் வழியாக முறைவைத்து ஒதுக்குகிறார்கள்.
4. விதி எழுத்தில் கடுமையாக இருந்தாலும், பெரும்பாலும் புகார் வந்தபின்தான் நடவடிக்கை. ஆகவே ஒருவரை எழுப்பிவிட்ட இடத்தில் மறுநாள் இன்னொருவர் வாசிப்பதைப் பார்க்கலாம்.

குடியிருப்பவர் பக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அல்ஹம்ப்ராவுக்கு ஆண்டுக்கு 25 லட்சத்துக்கும் மேல் பார்வையாளர்கள் வருகிறார்கள். அல்பைசினின் சன்னல்கள் தெருவை ஒட்டியவை. ஒரே உருப்படியை நாள்தோறும் பத்து முறை, ஒலிபெருக்கியோடு கேட்கிறவருக்கு அது இசையாக இருக்காது. ஆனால் தேர்வு, சீட்டு, தடை என்று இறுக்குவதைவிட, ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தி, ஒரே இடத்தில் வாசிக்கும் நேரத்துக்கு வரம்பு வைத்து, வெறும் கிட்டாரை அதன் போக்கில் விடுவதே நியாயம் என்று நினைக்கிறேன். ஒலிபெருக்கி இல்லாத நைலான் தந்தி இருபதடிக்கு அப்பால் யார் தூக்கத்தையும் கெடுக்காது.

கேட்பவர் செய்யக்கூடியது

காசு கொடுப்பது பிச்சையல்ல, கட்டணம். ஒரு உருப்படி முழுக்கக் கேட்டால் ஒன்றிரண்டு யூரோ கிட்டார் பெட்டியில் போடுவது முறை. காணொளி எடுத்தால் கட்டாயம் கொடுக்க வேண்டும், முகத்தை நெருங்கி எடுக்குமுன் தலையசைத்துச் சம்மதம் கேட்க வேண்டும். ஸ்பானியர்கள் கைபேசியில் பணம் அனுப்பும் 'பீசும்' (Bizum) என்ற வசதி நம்மைப் போன்ற பயணிகளுக்குப் பயன்படாது. அதனால் பையில் சில்லறை இருக்கட்டும். பாடல்களுக்கு நடுவில், தந்தி கூட்டும்போதுதான் பேச்சுக் கொடுக்கலாம்.

எல்லாவற்றையும்விடப் பயன் தருவது, முதல் உருப்படி முடிந்தபின்னும் அங்கேயே நிற்பது. ஒருவர் நிற்கிறார் என்று தெரிந்தால் வாசிப்பவர் கூட்டம் சேர்க்கும் மெட்டுகளை விட்டுவிட்டுத் தனக்குப் பிடித்ததை எடுக்கத் துணியலாம். கிட்டாரில் அந்தக் காப்புத் தகடு இருந்தால், கூட்டம் குறைந்த வேளையாகப் பார்த்து 'ஊனா சொலெயா, போர் ஃபவோர்' என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பத்து எண்ணும் இடம் தெரிகிறதா என்று பாருங்கள்.